அதே மெக்கானிக்கா, வேறொருவரா?

காரின் பழுதைக் காட்டும் ஸ்கேனரில் பி0420 என்ற பழுதுக் குறியீடு வந்ததும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே பட்டறையில் மாற்றிவிட்டார்கள்; இரண்டே நாளில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரிகிறது. புகைக்குழாய் இணைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் இதே குறியீடு வரலாம்.

சரி, இப்போது எங்கே போவது? அதே மெக்கானிக்கிடம் போனால் கூலியைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் முதல் கணிப்பையே பிடித்துக்கொண்டு அடுத்த பாகத்தையும் மாற்றச் சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்கு உண்டு.

வேறொருவரிடம் போனால் சோதனைக்குத் தனிச் செலவு. ஆனாலும் அவர் எழுதித் தரும் அறிக்கைதான் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது வலுவான ஆதாரம். அதனால் சோதனை மட்டும் வெளியே, அப்புறம் அறிக்கையோடு பழையவரிடம் என்பதே என் தேர்வு. கழற்றிய கன்வெர்ட்டரையும் கேட்டு வாங்குங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கும்.