வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: எக்ஸ்சேஞ்சா, நேரடிச் சேர்க்கையா, நிறுவனம் வழியா?

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறோம் என்றதும் எந்த நாடு, எந்த ஊர் என்பதிலேயே பேச்சு ஓடிவிடுகிறது. எந்த வழியில் போகிறோம் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. செலவும் விசாவும் அதைப் பொறுத்தவை. டிகிரி உரிய நேரத்தில் முடியுமா என்பதும்கூட. வழிகள் மூன்று: சொந்தக் கல்லூரி வெளிநாட்டுக் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு மாணவர்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச், நாமே விண்ணப்பித்து அங்கே ஒரு செமஸ்டருக்கு மட்டும் சேர்வது, இதற்கென்றே இருக்கும் ஏற்பாட்டு நிறுவனம் வழியாகப் போவது.

பணத்தைப் பார்த்தால் எக்ஸ்சேஞ்ச்தான் முன்னால் நிற்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் சொந்தக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினால் போதும், அங்கே தனியாகக் கட்ட வேண்டாம். ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: கல்வி, பதிவு, தேர்வு, ஆய்வகம், நூலகம் எதற்கும் போகிற பல்கலைக்கழகம் கட்டணம் கேட்கக் கூடாது. காப்பீடு, மாணவர் சங்கம் போன்ற சில்லறைச் செலவுகள் மட்டும் வரலாம். நேரடியாகச் சேர்ந்தால் அங்குள்ள கட்டணம் முழுவதும் நம் தலையில்தான். நிறுவனம் என்றால் அதற்கு மேல் அவர்களுடைய சேவைக் கட்டணமும் சேரும். அறை, காப்பீடு, போய் இறங்கியதும் வழிகாட்ட ஆள் எல்லாம் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். ஆனால் சொந்தக் கல்லூரியின் கட்டணம் அதிகம், போகிற இடத்தில் குறைவு என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அதையும் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சிக்கல் இடம்தான். இங்கிருந்து எத்தனை பேர் போகிறார்களோ ஏறக்குறைய அத்தனை பேர் அங்கிருந்து வர வேண்டும் என்பதால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

என் கவலையெல்லாம் கிரெடிட், அதாவது ஒரு பாடத்தை முடித்தால் டிகிரி கணக்கில் சேரும் அலகு, பற்றித்தான். அங்கே எழுதிய தேர்வு இங்கே கணக்கில் வராவிட்டால் அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும், டிகிரி தள்ளிப்போகும். எண்களே ஊருக்கு ஊர் வேறு. ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் என்ற பொதுவான கிரெடிட் முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் முழுநேர மாணவர் ஒரு செமஸ்டரில் பொதுவாக 12 முதல் 15 கிரெடிட்தான் எடுப்பார். 30-ஐயும் 15-ஐயும் அப்படியே நேராக வைத்துப் பார்க்க முடியாது.

எராஸ்மஸில் இதற்காகவே லேர்னிங் அக்ரிமென்ட் என்ற படிவம் இருக்கிறது. ஒரு பட்டியலில் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், இன்னொன்றில் அவை சொந்தக் கல்லூரியில் எவற்றுக்கு ஈடு என்பது. கீழே மாணவர், அனுப்பும் கல்லூரி, சேர்க்கும் கல்லூரி என மூன்று தரப்பின் கையெழுத்து. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பாடம் நிரம்பிவிட்டது, இன்னொன்றின் நேரம் மோதுகிறது என்பதெல்லாம் சகஜம். படிவத்தைத் திருத்தி மறுபடி கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

நேரடியாகச் சேர்பவருக்கு இந்தப் பாதுகாப்பைத் தானாக யாரும் தருவதில்லை, நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியான பாடத்திட்டம், புத்தகப் பட்டியல், தேர்வு முறை எல்லாம் உள்ள கோப்பைத் துறையிடம் கொடுத்து, ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் வாங்குங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி விமானம் ஏறாதீர்கள். நிறுவனம் வழி என்றால், மதிப்பெண் பட்டியலைத் தருவது யார் என்று கேளுங்கள். சில திட்டங்களில் வகுப்பு நடப்பது ஓர் இடம், பட்டியல் தருவது வேறொரு பல்கலைக்கழகம். அந்தப் பெயரைச் சொந்தக் கல்லூரி ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் நாட்காட்டி. அமெரிக்காவின் இலையுதிர் செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஜெர்மனியின் குளிர்கால வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், அதன் பிறகும் தேர்வுகள் இருக்கும். ஜனவரியில் அடுத்த செமஸ்டர் தொடங்கும் கல்லூரியில் படிப்பவருக்கு இரண்டாவது ஒத்துவராது. இந்த ஒரு விஷயத்தில் நிறுவனங்களின் திட்டங்கள் வசதி. பல திட்டங்கள் மாணவரின் சொந்தக் கல்லூரி நாட்காட்டியை ஒட்டியே அமைந்திருக்கும்.

விசாவும் வழியைப் பொறுத்து மாறலாம். அமெரிக்காவுக்கு எக்ஸ்சேஞ்சில் போனால் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா, நேரடியாகச் சேர்ந்தால் பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசா. ஜே-1 வாங்கும் சிலர், பின்னால் அங்கே வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்கும் முன் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். மேற்படிப்பு, வேலை என்று யோசிப்பவர்கள் இது தங்களுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே பாருங்கள்.

என்னைக் கேட்டால், பாடங்கள் பொருந்துகிற எக்ஸ்சேஞ்ச் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். குறிப்பிட்ட ஓர் ஆய்வகமோ பாடமோ அங்கே மட்டும்தான் உண்டு என்றால் நேரடிச் சேர்க்கைக்குச் செலவழிக்கலாம். கல்லூரிக்கு ஒப்பந்தமே இல்லை, தனியாகப் போகத் துணிவும் வரவில்லை என்பவருக்கு நிறுவனம் சரி. ஆனால் இந்த முறை எக்ஸ்சேஞ்ச் இடம் கிடைக்கவில்லை என்ற அவசரத்தில் கடன் வாங்கி மற்ற இரண்டில் ஒன்றுக்குத் தாவுவதைவிட, படிப்பில் இன்னும் செமஸ்டர்கள் பாக்கியிருந்தால் அடுத்த சுற்றுக்கு மறுபடி விண்ணப்பிப்பதே நல்லது.