திருமுடிவாக்கம் தம்ம சேது: 10 நாள் விபாசனா தியான முகாம்

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில், விபாசனா தியான ஆசிரியர் எஸ். என். கோயங்கா வகுத்த முறைப்படி நடைபெறும் இந்த முகாமில் அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கிறது. கைப்பேசியும் புத்தகமும் கிடையாது, ஆசிரியரிடம் ஐயம் கேட்பதையும் நிர்வாகியிடம் தேவையைச் சொல்வதையும் தவிர ஏறத்தாழ இறுதிநாள் வரை பேச்சும் கிடையாது. முதல் 3 நாட்களும் மூச்சை மட்டுமே கவனிக்கச் சொல்கிறார்கள். வீட்டுக் கடனும் பழைய சண்டையும் வரிசைகட்டி வந்து கலைத்தாலும், நாசித் துவாரத்தின் விளிம்பில் காற்று குளிர்ச்சியாக உரசி, வெதுவெதுப்பாகத் திரும்புவது பிடிபடுகிற அந்தக் கணத்துக்காகவே முகாமுக்குப் போகலாம். இரவுச் சொற்பொழிவு ஒலிப்பதிவுதான், எனக்குச் சற்று நீளமாகப்பட்டது. கட்டணம் இல்லை; முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். மாலையில் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும் உண்டு, இரவுணவு கிடையாது. சம்மணமிட இயலாதவர்கள் முன்கூட்டியே நாற்காலி கேட்டுவிடுவது நல்லது. மனநலச் சிகிச்சை பெறுவோர் விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது.