ரிலீஃபா, ப்ளோகான்ட்டா?

பழைய டேனிஷ் தட்டுகளில் இந்த இரண்டுக்கும் நடுவில் வெகுநாள் தடுமாறினேன். ஒன்று, யென்ஸ் க்விஸ்ட்கோர் வடிவமைத்த ‘ரிலீஃப்’. ராண்டர்ஸ் நகரத்துக் குரோன்யூடன் ஆலையில் செய்த பழுப்பு ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டி மண்பாண்டம். இன்னொன்று, கிரெத்தே மேயர் 1965இல் ராயல் கோபன்ஹேகன் என்ற பீங்கான் நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘ப்ளோகான்ட்’. வெளிர் உடம்பு, விளிம்பில் மெல்லிய நீலக்கோடு. கடைசியில் வாங்கியது ரிலீஃப்.

பார்வைக்கு ப்ளோகான்ட் குறைந்ததல்ல. மேயர் கட்டடக்கலைஞர். பெர்ரே மொகென்சனோடு சேர்ந்து வீட்டு அலமாரிகளை வடிவமைத்தவர். அந்த ஒழுங்கு, கிண்ணங்கள் அடுக்கில் அடங்குவதிலேயே தெரியும்.

ஆனால் அது ஃபயான்ஸ். எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு சொல்தான். ஃபயான்ஸ் சூளையில் குறைந்த சூட்டில் வேகிற மண். உள்ளே நுண்துளை இருக்கும், மேலே இருக்கும் க்ளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுதான் காவல். அதில் மயிரிழை விரிசல் விட்டாலோ விளிம்பு பெயர்ந்தாலோ ஈரமும் நிறமும் உள்ளே இறங்கிவிடும். முத்திரை எதுவும் இல்லாத பழைய ஃபயான்ஸ் கிண்ணம் ஒன்று என்னிடம் இருந்தது. ஒருநாள் ராத்திரி அதில் பீட்ரூட் ஊறுகாயை வைத்து மறந்துபோனேன். காலையில் விரிசல் முழுக்க இளஞ்சிவப்பு நரம்பு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஸ்டோன்வேர் கிட்டத்தட்ட 1200 டிகிரிக்கு மேல் வெந்து, மண்ணே உருகி இறுகிவிடுகிறது. க்ளேஸ் கொஞ்சம் பெயர்ந்தாலும் அடியில் இருப்பது தண்ணீரை எளிதில் குடிக்காது.

இதற்கு மேல் க்விஸ்ட்கோரின் கை. அவர் சிற்பியும்கூட. 1954இல் டெட் நீரன்பெர்க் என்ற அமெரிக்கர் அவருடைய ‘ஃபியோர்ட்’ வரிசைக் கரண்டி-கத்திகளைப் பார்த்துவிட்டுத் தேடி வந்து, அவரோடு டான்ஸ்க் என்ற சமையல், சாப்பாட்டுச் சாமான் நிறுவனத்தைத் தொடங்கினார். ரிலீஃப் கோப்பையில் அந்தச் சிற்பியைத் தொட்டே பார்க்கலாம்: மேடான கோடுகளில் க்ளேஸ் மெலிந்து வெளிறியிருக்கிறது, பள்ளத்தில் தேங்கிக் கருத்திருக்கிறது. காப்பி ஊற்றிப் பிடித்தால் விரல் வழுக்காது.

சரி, குறையும் உண்டு. கனம் அதிகம், எட்டுத் தட்டை ஒரே கையில் தூக்க முடியாது. பழுப்பில் கீரை கொஞ்சம் மங்கித்தான் தெரியும். இப்போது பழைய சாமான் கடைகளில்தான் தேடி எடுக்க வேண்டும். அப்புறம், நான் ரிலீஃபைப் புழங்குவது இரண்டு வருஷமாகத்தான். ப்ளோகான்ட்டில் தோழி வீட்டில் சாப்பிட்டதோடு சரி. அவள் பல வருஷமாக அதில்தான் தினமும் சாப்பிடுகிறாள், ஒரு கறையும் இல்லை. சாப்பிட்ட கையோடு கழுவிவிடுகிற பழக்கம் அவளுக்கு. எனக்கு அது வராது.