மகளுக்கு எம்ஆர்ஐ எடுத்த ஸ்கேன் சென்டர்: திருப்திதான், ஒரு குறை உண்டு

மாதவிலக்கு ஒழுங்காக வந்தும் மகளுக்கு வலப்பக்க அடிவயிற்றில் மாதாமாதம் உயிர்போகிற வலி, அல்ட்ராசவுண்டில் கட்டி மாதிரி தெரிகிறது என்பதோடு விட்டுவிட்டார்கள், அதனால் டாக்டர் எம்ஆர்ஐக்கு இங்கே அனுப்பினார். ஸ்கேன் எடுத்தது பெண் டெக்னீஷியன். காதில் பஞ்சு வைத்து, "கதிர்வீச்செல்லாம் கிடையாது கண்ணு, சத்தம்தான் வரும், அசையாம படு" என்றதில் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விட்டது.

ரிப்போர்ட்தான் அருமை. கருப்பை இரண்டாக இருக்கிறது, வலப்பக்கப் பிறப்புப் பாதை அடைபட்டு ரத்தம் தேங்கியிருக்கிறது, அதே பக்கச் சிறுநீரகம் பிறவியிலேயே இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இந்தப் பிரச்சினையில் சிறுநீரகத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டுமாம், சொல்லாமலே பார்த்திருக்கிறார்கள். எங்கே அடைப்பை எடுக்க வேண்டும் என்று டாக்டர் படத்திலேயே காட்டினார்.

உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. வயசுப் பிள்ளைகள் வருகிற இடம், உடனே போடுங்கள்.