சைக்கிளில் வலுவானவர்களுக்கான ஓட்டப் பயிற்சிச் சேவை: ஒரு மதிப்பீடு

நீச்சல் 3.8, சைக்கிள் 180, ஓட்டம் 42.2 கிலோமீட்டர் என நீளும் அயர்ன்மேன் போட்டியில், சைக்கிளில் முந்திவிட்டு ஓட்டத்தில் பின்தங்குவோருக்கு, நான் சேர்ந்துள்ள இணையவழிப் பயிற்சிச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே வலுப்பெற்றிருந்தாலும், பாதம் தரையில் மோதும் அதிர்வுக்குத் தசைநாண்களும் எலும்புகளும் மெதுவாகவே பழகும் என்பதைப் பயிற்சியாளர் நன்கறிந்திருப்பதால், தொடக்கத்தில் வேகத்தை வலியுறுத்தாமல், குறுகிய மெது ஓட்டங்களை வாரத்தின் பல நாட்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார். சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடும் பயிற்சியும் உண்டு. அதைவிடவும் பயனுள்ளது, சைக்கிளில் எத்தனை வாட் (மிதிக்கும் திறனை அளக்கும் அலகு) அளவோடு அடங்கி மிதிக்க வேண்டும், மணிக்கு எவ்வளவு மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என அவர் வகுத்துத் தரும் திட்டம். இறுதியில் வரும் மாரத்தான் ஓட்டத்தின் பிற்பாதி பெரும்பாலும் சைக்கிளிலேயே தீர்மானமாகிறது. கெண்டைக்கால் தசைகளுக்கான வலுப்பயிற்சி மட்டும் போதவில்லை. அதை அவசியம் கூட்ட வேண்டும்.