ஆஸ்துமா சளிக்கு எது? ஆவியா, சிரப்பா, இன்ஹேலரா?

வீசிங் என்றாலே எங்கள் வீட்டில் முதல் கேள்வி “சளி வெளிய வந்துச்சா?” என்பதுதான். கேள்வி தப்பில்லை. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் சளி சுரக்கும் செல்கள் பெருகிவிடும், சளியும் பிசினாக இறுகிச் சில கிளைக்குழாய்களை மொத்தமாக அடைத்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு காலை அரைமணி நேரம் இருமியபின் எனக்கு வந்து விழுந்தது, வெந்த சேமியாத் துண்டு மாதிரி கிளை பிரிந்து, குச்சியால் இழுத்தால் ரப்பர் போல நீண்டது. அன்று பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமாக மூச்சை ஊதித்தள்ள முடிகிறது என்று அளக்கும் கருவி) காட்டியது 240. என் வழக்கம் 400க்குப் பக்கம்.

ஆவி மூக்கடைப்புக்குச் சுகம், அவ்வளவுதான். ஆஸ்துமா அடைப்பு நெஞ்சுக்குள்ளே சின்னக் குழாய்களில் இருக்கிறது, அதை ஆவி கரைக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொதிநீர்ப் பாத்திரம் வேறு ஆபத்து.

சிரப் கதைதான் சுவாரசியம். சளியைக் கரைக்கிறது என்று நாம் வாங்குகிற பல சிரப்புகளின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், புரோம்ஹெக்சின் என்ற சளிக்கரைப்பானோடு, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ கலந்திருக்கும். குடித்ததும் நெஞ்சு லேசாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளின் வேலை, பெயர் மட்டும் சளிக்கரைப்பானுக்கு. அதுவும் வாய்வழியாகப் போவதால் கை நடுங்கும், படபடக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம், மாத்திரையோ 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு. (புரோம்ஹெக்சின் நம்ம ஆடாதோடையில் இருக்கும் வாசிசினை வைத்து உருவாக்கியதுதான். பாட்டியின் கஷாயமும் மெடிக்கல் ஷாப் பாட்டிலும் தூரத்து உறவு.)

சரி, சளியை நேரடியாக உடைக்கிற அசிட்டைல்சிஸ்டீனை நெபுலைசரில் வைத்தால்? ஆஸ்துமாவில் அது குழாயையே சுருங்க வைத்துவிடலாம். அடர் உப்புநீரும் அப்படித்தான். 4.5% உப்புநீரை உறிஞ்சச் சொல்லி, குழாய் சுருங்குகிறதா என்று பார்ப்பதே ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை!

மிச்சம் இரண்டு இன்ஹேலர்கள்: சால்பியூட்டமால், ஸ்டீராய்டு. நிவாரணத்துக்கு எடுக்கும் சால்பியூட்டமால் சில நிமிடங்களில் குழாயின் தசையைத் தளர்த்தும், நான்கைந்து மணி நேரம் தாங்கும். மூச்சு முட்டும்போது அதற்கு ஈடில்லை, ஆனால் அடைத்த சளி அப்படியே இருக்கும். அமெரிக்காவில் 2018இல் வந்த ஓர் ஆய்வு, சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் 20 பகுதிகளையும் பார்த்தது. ஆஸ்துமா உள்ளவர்களில் 58% பேருக்கு ஒரு பகுதியிலாவது சளி அடைப்பு, இல்லாதவர்களில் 4.5% பேருக்குத்தான். அடைப்பு கூடக்கூட ஒரு நொடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு குறைந்தது. சளியை இப்படி இறுக்குவதில் ஈசினோபில் என்ற வெள்ளையணுக்களுக்குப் பங்குண்டு. சால்பியூட்டமால் அவற்றைத் தொடாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடும், ஆனால் மெதுவாக, நாள்கணக்கில், வாரக்கணக்கில். அதனால்தான் பலரும் “ஒண்ணும் பிரயோஜனமில்ல” என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள், நானும் இரண்டு முறை நிறுத்தியவன்தான். ஸ்டீராய்டு பயம் வேறு. ஒரு பஃப் பியூடசொனைடு (இன்ஹேலரில் வரும் ஒரு ஸ்டீராய்டு) 200 மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் தொண்டைப் புண், பூஞ்சை வருவது குறையும். சால்பியூட்டமாலை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவதை உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவே 2019இலிருந்து பரிந்துரைப்பதில்லை.

இதற்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு டுபிலுமாப், டெசெபெலுமாப் ஊசிகள் உண்டு. சளி அடைப்பு குறைவது ஸ்கேனிலேயே தெரிந்திருக்கிறது. விலையைக் கேட்டால்தான் மூச்சு நிற்கும்.

என் ஓட்டு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு, அவசரத்துக்கு மட்டும் சால்பியூட்டமால் பையில். அதற்கும் அடங்காமல் பேசவே மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிதான், சிரப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரை விடாமல் மூன்று மாதம் எடுத்தபிறகு இப்போது காலையில் பீக் ஃப்ளோ 380, 390 வருகிறது. சிரப் பாட்டில் இன்னும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அம்மா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்.