அட்மிஷன் டிசம்பரில், பணக்கணக்கு எப்போது?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் அக்டோபர் வந்தால் கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் இரண்டு வழிகளில் எது என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும்: எர்லி டிசிஷனா, எர்லி ஆக்‌ஷனா? நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் அது 2023இல் நடந்தது. எங்கே இடம் கிடைக்கும் என்பது மகளின் கவலை. உதவித்தொகைக் கடிதம் எப்போது கைக்கு வரும் என்பது என் கவலை.

இரண்டு வழிக்கும் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1, சில இடங்களில் 15. அப்புறம்தான் பாதை பிரிகிறது.

எர்லி டிசிஷன், நிச்சயதார்த்தம் மாதிரி. இடம் கிடைத்தால் சேர்ந்துவிடுவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதில் டிசம்பர் நடுவில். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற குடும்ப வருமான விவரப் படிவமும் வரிக் காகிதங்களும் நேரத்துக்குப் போயிருந்தால், உதவிக் கடிதமும் கூடவே அல்லது சில நாட்களில் வந்துவிடும். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறு, முன்பணம் கட்டு என்று கேட்கிற கல்லூரி விலையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? கட்டுப்படியாகவில்லை என்றால் விலகலாம், விதியில் இடமுண்டு. ஆனால் வேறு கல்லூரி இதைவிடக் குறைவாகக் கேட்டிருக்குமோ என்பது, வேறு கடிதமே கையில் இல்லாதபோது, தெரியவே தெரியாது. ஜனவரியில் விண்ணப்பிக்கும் இரண்டாம் சுற்று எர்லி டிசிஷனிலும் இதே கட்டுப்பாடுதான், பதில் மட்டும் பிப்ரவரியில்.

எர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முடிவு டிசம்பரில் வரலாம், மிச்சிகன் பல்கலைக்கழகம் போல ஜனவரி கடைசியிலும் வரலாம். நாம் பதில் சொல்ல வழக்கமாக மே 1 வரை அவகாசம். சிக்கல் என்னவென்றால், இடம் கிடைத்த செய்தியோடு பணக்கணக்கு வர வேண்டும் என்ற அவசரம் கல்லூரிக்கு இல்லை. பல அரசுப் பல்கலைக்கழகங்களின் கடிதம் பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும்.

நாங்கள் மாட்டியது அதைவிட மோசமான வருடம். வழக்கமாக அக்டோபர் 1இல் திறக்கும், அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் அந்த முறை டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அதன் விவரங்கள் கல்லூரிகளுக்குப் போகவே மார்ச் ஆனது. மே 1 கெடுவையே பல கல்லூரிகள் தள்ளிவைத்தன. பக்கத்துத் தெருப் பையன் எர்லி டிசிஷன் போட்டிருந்தான். அவன் கல்லூரி சிஎஸ்எஸ் ப்ரொஃபைலை வைத்தே டிசம்பரில் உத்தேசக் கணக்கு கொடுத்துவிட்டது. அவர்கள் பொங்கலுக்கு நிம்மதியாக இருந்தார்கள், நாங்கள் சித்திரை வரைக்கும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நான்கும் தனி ரகம். மற்ற தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்க விடமாட்டார்கள், ஆனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை, மே வரை யோசிக்கலாம். இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஃபாஃப்சா கிடையாது. உதவி கேட்டால் அட்மிஷன் வாய்ப்பே குறைகிற கல்லூரிகள் அதிகம் என்பதால், அவர்கள் கணக்கு வேறு.

என்னைக் கேட்டால், உதவி போக நாம் கட்ட வேண்டியதை உத்தேசமாகச் சொல்லும், கல்லூரித் தளத்திலுள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டர் காட்டும் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்ட முடியும் என்றால் மட்டும் எர்லி டிசிஷன் போடலாம். பணம்தான் தீர்மானிக்கும் என்றால் வேண்டாம்.

ஏப்ரலில் எங்களுக்கு முதல் கடிதம் வந்தது. மொத்த உதவி 31,000 டாலர் என்று கொட்டை எழுத்தில். மகள் குதித்தாள். நான் வரிவரியாகப் பென்சிலால் கழித்தேன்: 5,500 கல்விக் கடன், நாம் திருப்பிக் கட்டுவது. 2,500 வளாக வேலைச் சம்பளம், அவள் உழைத்தால்தான் வரும். நிஜமான மானியம் 23,000. அடுத்த வாரம் இன்னொரு கல்லூரி 27,000 மானியம் தந்தது. அந்தக் கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை கேட்டு முதல் கல்லூரிக்கு எழுதினோம். பத்து நாளில் மானியம் 26,000 ஆனது.